நாலாம் நம்பர் எலியின் வால்

எலி வாலுக்கு நெயில் பாலிஷ் போடுவது எப்படி என்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. நானாகத்தான் கற்றுக்கொண்டேன். எலியைத் துணிப்பைக்குள் விட்டு, கழுத்தைப் பையோடு சேர்த்துப் பிடித்து, வாலை மட்டும் வெளியே எடுத்து, அடியில் வளையம் வளையமாகப் பூச வேண்டும். பிறகு காயும்வரை ஊத வேண்டும். காலை ஆறு மணிக்கு முதலியார்பேட்டையில் ஒரு தோட்டத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எலி வாலை ஊதிக்கொண்டிருக்கும் முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு எப்படி வரன் அமையும் என்று என் அம்மா கேட்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, வேறு எந்த வேலையும் பிடிக்கவில்லை.

வேலை என்று சொல்கிறேனே தவிர அது என் கையில் இல்லை. படித்து முடித்த நாளிலிருந்து ஆறு மாதம், எட்டு மாதம் என்று துண்டு துண்டாகத்தான் ஓடுகிறது. இப்போதைய துண்டு இந்த முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதன் பிறகு பேராசிரியர் நெடுமாறனிடம் மூன்று வருடத்துக்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது, புதுச்சேரியைச் சுற்றியுள்ள சின்னப் பாலூட்டிகளை, அதாவது எலி, மூஞ்சூறு, அணில் வகையறாக்களை, கணக்கெடுக்கும் வேலை. அது கிடைக்காவிட்டால் தவளக்குப்பத்தில் என் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் டியூஷன் சென்டரில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லித் தர வேண்டும். நாற்காலிகூட ஒதுக்கிவிட்டார்.

ஒரு வேலைக்கு இரண்டு பேர். இன்னொருவன் லூர்துபிரகாஷ். என்னோடு படித்தவன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால், ஒன்பது மணிக்குத் தூங்கி எழுந்து வந்துவிட்டுக் கூசாமல் பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்வான். அவன் ஒன்பது மணிக்கு எழுந்திருக்கலாம், ஏனென்றால் அவனுடைய முறை கேமரா. மரத்தில் கட்டிவிட்டால் போதும், எதிரே எது அசைந்தாலும் அதுவே படம் எடுத்து, தேதியும் நேரமும் போட்டு வைத்துக்கொள்ளும். என்னுடையது பொறி. சாயங்காலம் நாற்பது அலுமினியப் பெட்டிகளில் தீனி வைத்து, விடிவதற்குள் ஓடிவந்து, உள்ளே மாட்டியது வெயிலில் வேகும் முன் எடுத்து, எடை போட்டு, வாலில் அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். சிவப்பு, பச்சை வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுப்பேன். மறுபடி மாட்டினால் யாரென்று தெரிந்துவிடும்.

"பதினாலு நாள். ஒரே தோட்டம். எந்த முறை நெஜத்தச் சொல்லுதோ, அந்த முறைதான் மூணு வருஷத்துக்கு. அந்த ஆளுக்குத்தான் வேலை" என்று நெடுமாறன் சார் சொல்லிவிட்டார்.

தோட்டம் அவர் பார்த்துக் கொடுத்ததுதான். சொந்தக்காரக் குடும்பம் பாரீசில் இருக்கிறது. சுற்றிலும் மதில், உள்ளே தென்னை, மா, இடுப்பளவு புல். பின்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவு. சார் வீடு இரண்டு தெரு தள்ளி இருப்பதால் சாவி அவரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று.

முதல் நாள் ஆராய்ச்சி நூல் சொன்னபடி வேர்க்கடலை வெண்ணெயும் ஓட்ஸும் உருட்டி வைத்தேன். நாற்பது பெட்டியிலும் எறும்பு. ஒரு ஓணான். அவ்வளவுதான். வெளிநாட்டு எலிகளுக்கு எழுதியதை முதலியார்பேட்டை எலிக்கு வைத்தது என் தப்பு. அன்றைக்குச் சாயங்காலமே முனையில் இருக்கும் வடைக்கடையில் மசால் வடை வாங்கினேன். பத்து வடை வாங்கினால் எட்டு பொறிக்குப் போகும். மீதி இரண்டை நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து பார்த்தால் நான்கு பெட்டிகள் மூடியிருந்தன. மூன்றில் மூஞ்சூறு. பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்த இருபத்து மூன்றாம் பெட்டியில் ஒரு வீட்டெலி. நல்ல வளர்ந்த ஆண், இடது காதில் ஒரு கடி. பைக்குள் விட்டபோது திமிறவே இல்லை. பார்த்துப் பழகியவன் மாதிரி வாலை நீட்டினான். இரண்டு சிவப்பு வளையம் போட்டு நோட்டில் 'நாலாம் நம்பர்' என்று எழுதினேன். என் கையெல்லாம் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன், கோதுமை மாவு. தோட்டத்தில் கோதுமை மாவு எங்கே இருந்து வந்தது என்று புரியவில்லை. அதையும் எழுதி வைத்தேன்.

பத்தாம் நாள் முடிவில் தோட்டத்திலேயே சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார்.

"எலியும் மூஞ்சூறுமா ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு படம் சார்" என்றான் லூர்து. சொல்லும்போது தாடியைத் தடவிக்கொண்டான்.

"பதினோரு உருப்படி சார்" என்றேன் நான்.

சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

"சார், அவன் சொல்றது படம். எலி இல்ல. ஒரே மூஞ்சூறு ராத்திரி பூரா கேமரா முன்னாடி உலாத்துனா நூறு படம் விழும். அது நூறு மூஞ்சூறா?"

"உன் பெட்டிக்குள்ள போறது புத்தி கெட்ட எலி மட்டுந்தான். பெருச்சாளி உள்ள நொழையவே முடியாம பெட்டி மேல உக்காந்து எனக்குப் போஸ் குடுத்துட்டுப் போவுது. அத எப்ப எண்ணுவ?" என்றான் லூர்து.

பெருச்சாளி விஷயத்தில் அவன் சொன்னது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது. "ரெண்டாயிரத்து முந்நூறு படம் தென்ன ஓலை ஆடுறது. அதுவும் பாலூட்டியா?" என்று கேட்டேன். அந்தப் படங்களை அழிக்காமல் அப்படியே வைத்திருந்தான். இடமெல்லாம் அடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திணறும், இவன் ஒன்றையும் அழிக்க மாட்டான். அந்தச் சோம்பேறித்தனத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்தக் கொதிப்பே வந்திருக்கும்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது லூர்து இல்லை, நாலாம் நம்பர்தான்.

அவன் இரண்டாம் நாள் மாட்டினான். அப்புறம் காணோம். ஐந்தாம் நாள் அதே இருபத்து மூன்றாம் பெட்டியில் இருந்தான். அப்புறம் காணோம். ஏழாம் நாள் வந்தான், பத்தாம் நாள் வந்தான், பன்னிரண்டாம் நாளும் வந்தான். நடுவில் தோட்டத்தில் வேறு எந்தப் பெட்டியிலும் அவன் கிடையாது. வரும்போதெல்லாம் உடம்பில் கோதுமை மாவு. மற்ற எலிகள் தினமும் அவரவர் மூலையில் மாட்டிக்கொண்டு ஒழுங்காக இருக்க, இவன் மட்டும் ஏதோ வெளியூர் போய்வருகிறவன் போல வந்து போனான்.

பன்னிரண்டாம் நாள் சார் என் நோட்டைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கெட்ட சேதி.

"சிவசங்கரி, இது நடக்காதும்மா. வீட்டெலி ரெண்டு நாள் மறைஞ்சு அதே பொட்டிக்குத் திரும்பி வராது. உன் நெயில் பாலிஷ் அழியுது. இல்ல, ஒண்ணோடது இன்னொண்ணு மேல ஒட்டுது. அஞ்சு வேற வேற எலிய நீ ஒரே எலின்னு எழுதியிருக்க."

"இல்ல சார். காதுல கடி இருக்கு சார். எனக்கு அதோட மூஞ்சி தெரியும் சார்."

"மூஞ்சி தெரியும்னு ரிப்போர்ட்ல எழுத முடியாது. அடையாளமே நம்ப முடியலன்னா முறையே நம்ப முடியாது. ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு ரெண்டு பேரும் வாங்க. முடிவு சொல்லிடுறேன்."

முடிவு என்னவென்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அன்று வண்டியில் தவளக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போது ஏழாம் வாய்ப்பாடு தானாக வாய்க்குள் ஓடியது. எனக்கு அழுகை வந்தது. மூஞ்சூறு கடித்து வராத அழுகை, பூனை பிறாண்டி வராத அழுகை.

சனிக்கிழமை காலை, பெட்டிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது லூர்து வந்தான். ஏழு மணிக்கே வந்திருந்தான். போன்ழூர் சொல்லவில்லை. மடிக்கணினியை மாமரத்தடியில் வைத்து, "இங்க வா, ஒண்ணு பாரு" என்றான்.

"தென்ன ஓலையா?"

"ஓலைதான். அந்தத் தொல்ல தாங்காம மூணாம் நாள் அந்தக் கேமராவ அவுத்துப் பின்கதவுப் பக்கம் கட்டுனேன். மாத்துனத எழுதி வெக்க மறந்துட்டேன். சார்கிட்டயும் சொல்லல. படத்த இப்பதான் ஒண்ணொண்ணா பாக்குறேன்."

எழுதி வைக்க மறந்தான் என்று கேட்டதும் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திரையைப் பார்த்ததும் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள், காலை ஐந்து பத்து. பின்கதவு திறந்திருக்கிறது. கட்டம் போட்ட லுங்கி, தலையில் துண்டு. ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கையில் சமையலறைகளில் வைக்கும் கம்பிக் கூண்டு எலிப்பொறி. அடுத்த படத்தில் கூண்டின் கதவைத் தூக்குகிறார். அதற்கடுத்த படத்தில் ஒரு எலி வெளியே வருகிறது. வாலடியில் பளிச்சென்று இரண்டு வளையம். நான்காவது படத்தில் அவர் எலிக்கு டாட்டா காட்டுகிறார்.

கண்ணாடி போடாமல் இருந்தாலும் அது நெடுமாறன் சார்தான்.

ஏழாம் நாளும் அதே லுங்கி, பத்தாம் நாளும் அதே கூண்டு, பன்னிரண்டாம் நாளும் அதே டாட்டா. டாட்டா முடிந்த ஆறாவது நிமிடத்தில் நாலாம் நம்பர் நேராக நடந்து இருபத்து மூன்றாம் பெட்டிக்குள் போகிறான். உள்ளே என் மசால் வடை. சார் வீட்டில் சாருக்குச் சர்க்கரை, தினமும் சப்பாத்தி. மாவு டப்பா பக்கத்தில் பொறி, பொறியில் அதே முனைக் கடை வடை. அங்கே ஒரு வடை, இங்கே ஒரு வடை. நான் ஆறு மணிக்கு விடுதலை செய்ததும் இரண்டு தெரு தாண்டி வீடு போய்ச் சேர்ந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ அங்கே மாட்டியிருக்கிறான். எங்கள் மூன்று பேரில் இந்தப் பதினாலு நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டவன் அவன் மட்டும்தான்.

நான் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. வளையம் அழியவில்லை, என் அடையாளம் சரி. அதை நிரூபிக்க ஒரே வழி இந்தப் படம். இதைக் காட்டினால், எலி ஆராய்ச்சியில் முப்பது வருடம் ஊறியவர் தன் வீட்டு எலியைத் தானே ஆராய்ச்சித் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வேலை கொடுக்க வேண்டியவரும் அவரேதான்.

"சார ஓரமா வெட்டிடலாம்" என்றேன். "எலியும் கூண்டும் மட்டும் போதும். வால் தெரிஞ்சா போதும்."

"அப்படியே செய்" என்று லூர்து படத்தை எனக்கு அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து லூர்து வெள்ளைச் சட்டையோடே சார் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் டிவியில் படங்களைப் போட்டுக்காட்ட ஏற்பாடு. சாரின் மனைவி அமுதவல்லி அம்மா காபி கொண்டுவந்தார். அவரை நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். தபால் ஆபீசில் வேலை, கணக்கில் கெட்டி.

"சார், நாலாம் நம்பரோட அடையாளம் அழியல" என்று ஆரம்பித்தேன். "கேமராவுலயே தெரியுது சார். இதான் வால். ரெண்டு வளையம்."

திரையில் வால் பெரிதாக வந்தது. ஓரத்தில் கூண்டின் கதவு கொஞ்சம். நான் எவ்வளவு வெட்டியும் அதை வெட்ட முடியவில்லை, எலியின் பின்பாதி அதற்குள்தான் இருந்தது.

சார் காபி தம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அமுதவல்லி அம்மா தட்டைப் பிடித்தபடி டிவிக்குக் கிட்டே போனார். "இது நம்ம வீட்டுப் பொறியாச்சே" என்றார்.

"எல்லாப் பொறியும் இப்படித்தான் இருக்கும் அமுதா" என்றார் சார்.

"கதவுல ஸ்பிரிங் போயிடுச்சின்னு என் ஊதாப் பொடவ கரையக் கிழிச்சிக் கட்டுனது நானு. எல்லாப் பொறியிலயும் என் பொடவயா கட்டியிருக்கும்?" அவர் தட்டைக் கீழே வைத்தார். "இந்த எலிதான! வாலு செவப்பா இருக்குதே, யாருங்க எலிக்கு மருதாணி வெச்சதுன்னு அன்னைக்கே கேட்டேன். கண்ணாடிகூடப் போடாம காயம்னு சொன்னீங்க. வாளித் தண்ணியில முக்கிட்டேன், குப்பையில போட்டுட்டேன்னு சொன்னீங்களே! இது என்னா தோட்டத்துல உலாத்துது?"

லூர்து தன் சட்டைப் பொத்தானை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொல்ல மனசு வரல அமுதா" என்றார் சார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "கண்ண கண்ணப் பாக்குது."

"அஞ்சு எலி புடிச்சேன். அஞ்சையும் இப்படித்தான் விட்டீங்களா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பதினாலு நாளாக நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லையே. "அஞ்சு எலி இல்லீங்கம்மா. ஒரே எலிதான். அஞ்சு தடவ" என்று நோட்டைத் திறந்து காட்டினேன்.

அவர் தேதிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். எலி பிடித்த நாளெல்லாம் அதில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். ஐந்து புள்ளியும் என் நோட்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. கேமராவில் நான்குதான், முதல் தடவை, இரண்டாம் நாள், அது ஓலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்தப் பொண்ணோட கணக்கு தபால் ஆபீசு கணக்காட்டம் சரியா இருக்கு" என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் உன் அடையாளத்தச் சந்தேகப்பட்டது தப்பு, சிவசங்கரி. வேல உனக்குத்தான். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு." பிறகு லூர்துவைப் பார்த்து, "உன் முறையில ஒரே எலிய நாலு எலின்னு எண்ணியிருப்பப்பா. மன்னிச்சுக்க" என்றார்.

"பரவாயில்ல சார்" என்றான் லூர்து.

முந்தின நாள் ராத்திரிதான் நாலாம் நம்பர் ஆறாவது தடவையாகச் சமையலறையில் மாட்டியிருந்தான், அதற்கு இன்னும் புள்ளி வைக்கவில்லை. இந்தத் தடவை அவனைத் தொலைவாகக் கொண்டுபோய் விட வேண்டும் என்று அமுதவல்லி அம்மா கூண்டை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். காலாப்பட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பில் விடுவதாக ஏற்பாடு. நான் வண்டி ஓட்ட, லூர்து பின்னால் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தெருமுனை வடைக்கடைகூடத் தாண்டவில்லை, கேட்டுவிட்டேன்.

"அந்தப் படத்த நீ அழிச்சிருந்தா வேல உனக்குத்தான?"

"ஆமா."

"எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல."

"ஆமா."

"அப்புறம் ஏன்டா அழிக்கல?"

"நான் எந்தப் படத்தையும் அழிக்கிறதில்ல சிவசங்கரி. கேமரா பாத்தது பாத்ததுதான். வேணும்கறத வெச்சுகிட்டு வேணாங்கறத அழிச்சா அப்புறம் அது என்னா சர்வே? ரெண்டாயிரத்து முந்நூறு ஓலைய பின்ன எதுக்கு வெச்சிருக்கேன்?"

சோம்பேறி என்று இத்தனை நாள் நான் திட்டியது நினைவுக்கு வந்து எனக்குக் காது சுட்டது. வெட்கமாக இருந்தது. படத்தில் இருந்த மனிதரை வெட்டிவிட்டு வால் மட்டும் போதும் என்று சொன்னவள் நான். இவன் ஓலையைக்கூட வெட்டாதவன்.

வண்டியைத் திருப்பினேன்.

"ஏ, காலாப்பட்டு இந்தப் பக்கம் இல்ல!" என்று லூர்து கத்தினான். கூண்டுக்குள் நாலாம் நம்பர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் உருண்டான்.

சார் வாசலில் நின்றிருந்தார். கையில் துடைப்பம். மாவு டப்பா இருந்த அலமாரிக்குக் கீழே பெருக்கச் சொல்லி உத்தரவு ஆகியிருந்தது போல.

"சார், மூணு வருஷ வேலைய ரெண்டு பேருக்கு ஒன்றரை ஒன்றரை வருஷமா குடுங்க சார்" என்றேன் வண்டியில் இருந்தபடியே. "அவன் இல்லன்னா எலி எங்கேருந்து வந்துச்சின்னு தெரிஞ்சிருக்காது. நான் இல்லன்னா எது அந்த எலின்னு தெரிஞ்சிருக்காது. ரெண்டு முறையும் சேந்துதான் சார் நெஜத்தச் சொல்லிச்சி."

டியூஷன் சென்டர் நாற்காலி என் கண் முன்னால் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து அது அங்கேயேதான் இருக்கும், வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்படியெல்லாம் வழக்கமில்லையேம்மா" என்று சார் இழுத்தார். "ஒரு முறை, ஒரு ஆளுன்னுதான..."

உள்ளேயிருந்து அமுதவல்லி அம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரையும் வெச்சுக்குங்க. ஒருத்தர் எலிய எண்ணட்டும், ஒருத்தர் உங்களப் பாத்துக்கட்டும்."

சார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார்.